வெளிச்சம் அடிக்காத கேமரா

அந்தக் கேமரா என்னிடம் பதினொரு நாள்தான் இருந்தது. துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், பால்மாவு டின்னுக்கும் தலைவலித் தைலப் பாட்டில்களுக்கும் நடுவில், ஒரு பூத்துண்டில் சுற்றி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். தென்காசியில் எங்கள் ஸ்டுடியோ மேசைமேல் வைத்துத் துண்டைப் பிரித்தபோது முதலில் வந்தது தைல வாசனை. கறுப்பு நிறத்தில், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில் கேமரா கிடந்தது.

என் வீட்டுக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, இது கேமராவா, சோப்பு டப்பாவா?"

"ஆட்டாதிய. அது அவங்க சாமான்."

"பெரிய விலைன்னு சொல்லுதாவளே. அந்த விலைய எங்கன ஒளிச்சு வச்சிருக்கான்னு பாக்கேன்."

அதை அனுப்பியவர் கடையநல்லூர்க்காரர். துபாயில் வேலை பார்க்கிறார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு நான்தான் பெண்கள் பக்கம் படம் எடுத்தேன். இப்போது இளையவளுக்குக் கல்யாணம். கேமரா வந்த அன்றே அவரிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவும் வந்தது. ஸ்டுடியோவின் பின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். எனக்கு யாருடைய குரலையும் நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சம்.

"தங்கச்சி, நல்லாருக்கியளா? இது எம்மவளுக்கு வாங்குனது. எந்நேரமும் போன்ல எதையாச்சும் எடுத்துக்கிட்டே இருப்பால்லா, அதான். இந்தக் கல்யாணத்துக்கும் என்னால வர முடியல, லீவு குடுக்க மாட்டேங்கான். வாப்பா குடுக்க சீரு இதுதான்னு வச்சுக்கிடுங்க. ஆனா அவ கையில குடுக்கதுக்கு முன்னாடி, மருதாணி விசேஷத்த நீங்க இதுல எடுங்க. எல்லாம் முடியவும் அவகிட்டயே குடுத்துருங்க."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"மூத்தவ ஆல்பம் பாத்தேம்லா. நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாரும் இருந்தாவ. எம்மவதான் அதுல இல்ல. ஒரு படத்துலயாவது இவ இருக்கட்டும், தங்கச்சி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகி வந்தபோது எனக்குக் கேமராவில் எந்தப் பக்கம் கண் வைக்க வேண்டும் என்பது தெரியாது. ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுவது, படங்களை ஓரம் வெட்டுவது என்று இருந்தேன். கடையநல்லூரில் சில வீடுகளில், "பொம்பளையாள் யாராவது இருந்தா அனுப்புங்க, வீட்டுக்குள்ள எடுக்கணும்" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். அப்படியே பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது.

அந்த வீடுகளுக்கு என்று எனக்கு ஒரு முறை உண்டு. விசேஷம் முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி வீட்டுக்காரப் பெண்மணி கையில் கொடுத்துவிடுவேன். ஆல்பம் செய்ய வேண்டுமானால் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி கார்டோடு வந்து என் பக்கத்தில் உட்காருவாள். வேலை முடிந்ததும் அவள் கண்முன்னாலேயே கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடுவேன். பெண்கள் முக்காடு இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிற படங்கள் அவை. எங்கள் ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருப்பவை எல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்தவைதான். நான் எடுத்தவை கடையநல்லூர் பீரோக்களில் இருக்கின்றன. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை, நானும் நின்று கேட்க வேண்டியதில்லை.

மற்ற போட்டோகிராபர்கள் போல "சிரிங்க, இங்கன பாருங்க" என்று சத்தம் போடவும் எனக்கு வராது. இடதுகையின் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவேன். பெண்கள் நிமிர்வார்கள், மூச்சைப் பிடிப்பார்கள். பளீரென்று வெளிச்சம் அடிக்கும். உடனே நான் குனிந்து, பின்னால் இருக்கும் சின்னத் திரையில் படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். யாராவது கண்ணை மூடியிருந்தால் மறுபடி இரண்டு விரல். இவ்வளவுதான் என் தொழில். ஆல்பத்தில் மூத்தவள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தாள்; பிறகு எப்படி இல்லை என்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

விசேஷத்துக்கு ஆறு நாள் இருந்தது. அதற்குள் கேமராவைப் பழக வேண்டும் என்று ஒரு புதன்கிழமை காலையில் ஸ்கூட்டரில் குற்றாலத்துக்குப் போனோம். சீசன் தொடங்கியிருந்தது. இலஞ்சி தாண்டும்போதே சாரல் முகத்தில் விழுந்தது. வழக்கமாக இப்படிப் போனால் கேமராப் பை என் மடியில் ஒரு பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். அன்றைக்குக் கேமரா என் கைப்பையில், சீப்புக்கும் கைக்குட்டைக்கும் பக்கத்தில் இருந்தது. இரண்டு தடவை பையைத் திறந்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அருவிப் பக்கம் நான் கேமராவை வெளியில் எடுக்கவில்லை. பெண்கள் குளிக்கிற இடம். கடைத்தெருவில்தான் எடுத்தேன். முதலில் கை தடுமாறியது. என் பெரிய கேமராவில் இடதுகையால் லென்ஸைத் திருகினால் தூரத்தில் இருப்பவர் பக்கத்தில் வந்துவிடுவார். இதில் அது கிடையாது. நான் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான். முகம் பெரிதாக வேண்டுமென்றால் நான்தான் பக்கத்தில் போக வேண்டும். பத்தொன்பது வருஷமாக லென்ஸைத் திருகித் திருகியே நான் யார் பக்கத்திலும் போகாமல் தப்பித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சிப்ஸ் கடையில் ஒருவர் கொதிக்கிற எண்ணெய்க்கு நேரே நேந்திரங்காயைச் சீவிக்கொண்டிருந்தார். பெரிய கேமராவோடு போனால் அவரே நிமிர்ந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்பார். இப்போது இரண்டடி பக்கத்தில் போய் ஆறு படம் எடுத்தேன். கேமராவிலிருந்து சத்தமே வரவில்லை. அவர் சீவுவதை நிறுத்தாமல், "யக்கா, ஒரு கிலோ போடவா?" என்று மட்டும் கேட்டார். கையிலிருந்தது கேமரா என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்தபோது கடைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி எங்கள் முன்னால் உட்கார்ந்தது. நான் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டேன். அது என் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

"பாத்தியா! குரங்குக்கே தெரியுது, எது விலை போகும்னு" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டால், பாதிக்கு மேல் ஆட்கள் எல்லாம் புகை மாதிரி இருந்தார்கள். கேமராவில் ஏதோ கோளாறு, வழியில் உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். வீட்டுக்காரர்தான் படத்தோடு பதிவாகியிருந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது. வெளிச்சம் உள்ளே வருகிற துவாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் வேலை. நான் பழக்கதோஷத்தில், கிட்டத்தில் இழுப்பதாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் அதைத் திருகித் துவாரத்தை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கியிருக்கிறேன். வெளிச்சம் போதாமல் கேமரா கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள, அதற்குள் ஆட்கள் நகர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இடதுகையைக் கேமரா பக்கம் கொண்டுபோகாமல் ஒற்றைக் கையால் எடுக்கப் பழகினேன். அப்படிப் பழகியது பிறகு உதவிற்று.

சரியாக விழுந்த படங்கள் நன்றாக இருந்தன. சாரல் நாளின் மங்கல் வெளிச்சத்தில் சிப்ஸ்கடைக்காரரின் கை ரோமம்கூடத் தெரிந்தது. ஆவி, எண்ணெய்ச் சட்டி, பின்னால் தொங்கும் வாழைத்தார், கூரையில் குரங்கின் வால் எல்லாமே ஒரே படத்துக்குள் இருந்தன. குறையும் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பொத்தான்கள் என் விரலுக்கு மிகச் சிறிது. ஈரக் கையில் வழுக்குகிறது. ஆனால் அன்று சாயங்காலம் என் வலது தோள் வலிக்கவில்லை.

மருதாணி விசேஷம் கடையநல்லூரில் அவர்கள் வீட்டிலேயே நடந்தது. சாயங்காலம்; பெண்கள் மட்டும். நடுக்கூடத்தில் ஒரு சோபாவில் மணப்பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மருதாணி போட்டாகிவிட்டது. காய்வதற்காக இரண்டு கைகளையும் முன்னால் தூக்கி வைத்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு பொட்டு மருதாணி வைத்து, வாயில் இனிப்பு ஊட்டி, படம் எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

முதலில் வந்தது மாப்பிள்ளையின் பெரியம்மா. நல்ல உயரம், பட்டுச்சேலை. இனிப்பை ஊட்டிவிட்டு என்னைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சின்னக் கேமராவால் எடுத்தேன். அவர் அசையவில்லை. இன்னொன்று எடுத்தேன். அப்போதும் அசையவில்லை. வரிசையில் அடுத்து நின்றவர் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஏம்மா, அடிச்சாச்சா?" என்று உதடு அசையாமல் பெரியம்மா கேட்டார்.

"எடுத்தாச்சும்மா."

"எப்ப அடிச்ச? வெளிச்சமே வரலயே."

"இதுல வெளிச்சம் வராது."

"வெளிச்சம் வராம எப்படி போட்டோ விழும்? கறுப்பாத்தான் விழும்."

வரிசையில் ஒருத்தி, "மாமி, அது ரிமோட்டு. டிவிய நிப்பாட்டுதாவ" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. பெரியம்மா எழுந்தார், ஆனால் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், எனக்கும் கேட்கட்டும் என்கிற அளவில் சொன்னார்: "நம்மள எடுக்க ஆளு வச்சிருக்கோம்னு பெருசா சொன்னாவ. வெளையாட்டுச் சாமான வச்சு போக்குக் காட்டுதா."

எங்கள் பக்கத்தில் வெளிச்சம் அடித்தால்தான் படம் எடுத்ததாக அர்த்தம். அது வரும் வரைக்கும் யாரும் மூச்சு விட மாட்டார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? இருந்தும் நான் அதை யோசிக்காமல் வந்துவிட்டேன்.

பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போனார்.

"யக்கா, சம்பந்தக்காரவ மனசு கோணிரக்கூடாது. நாளைக்கு எம்மவ அங்கனதான இருக்கணும். நீங்க பெரிசையே எடுங்க."

"அவங்க வாப்பா இதுலதான் எடுக்கச் சொன்னாங்க."

"அவ்வோ அங்கன இருந்துக்கிட்டு சொல்லிருவாவ. இங்கன நிக்கது நாந்தான?" என்று சொல்லிவிட்டு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். நான் பையிலிருந்து பெரிய கேமராவை எடுத்து, மேலே பிளாஷை மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டேன். கூடத்துக்குத் திரும்பினேன். மணப்பெண் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, ஊசி போட்டுக் குத்திவைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. அக்காள் ஆல்பத்தில் பக்கம் பக்கமாக இருந்ததும் அதே சிரிப்புத்தான். இவளும் வாப்பாவுக்குப் படத்தில் இல்லாமல் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

பெரியம்மாவை மறுபடி உட்காரச் சொன்னேன். இரண்டு விரலைத் தூக்கினேன். பளீரென்று வெளிச்சம் அடித்தது.

"ஆங், இது போட்டோ!" என்றார் அவர்.

வழக்கம்போல் நான் திரையைப் பார்க்கக் குனிந்தேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். தலையைத் தூக்கினால், பெரியம்மாவின் தோளும் மணப்பெண்ணின் தோளும் ஒரே சமயத்தில் கீழே இறங்கியிருந்தன. பெரியம்மா, "ஏட்டி, எனக்கு வயித்த உள்ள இழுத்து இழுத்து மூச்சு முட்டிருச்சு" என்று அவள் காதில் சொல்ல, அவள் வாயிலிருந்த இனிப்பு வெளியே வந்துவிடுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு நொடிதான். அடுத்தவர் வந்து உட்கார்ந்ததும் ஊசி குத்தின சிரிப்பு திரும்ப வந்துவிட்டது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வெளிச்சம் அடித்து முடிந்ததும் எல்லாரும் தங்கள் முகத்துக்குத் திரும்புகிறார்கள். பத்தொன்பது வருஷமாக, சரியாக அந்த நொடியில், நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மூத்தவளும் அந்த நொடியில்தான் இருந்திருப்பாள்.

அதன்பிறகு குனியவில்லை. பெரிய கேமராவால் அவர்களுக்கு வெளிச்சம் அடிப்பேன். அடித்ததும் அதை வயிற்றோடு தொங்கவிட்டு, வலதுகையில் சின்னதை எடுப்பேன். அவர்களுக்குப் படம் முடிந்துவிட்டது, ஆகவே யாரும் என்னைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கினார்கள், வளையலைச் சரிசெய்துகொண்டார்கள், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்தார்கள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவ்வளவு பக்கத்தில் நான் யாருடைய முகத்தையும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. "எதுக்கும் ரெண்டுலயும் அடிச்சிரும்மா" என்றார்.

வரிசை முடிகிற நேரத்தில் துபாயிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மற்ற பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். மணப்பெண்ணால் போனைத் தொட முடியாது. அவள் அக்காள், அந்த மூத்தவள், போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வாப்பா, தெரியுதா? கை தெரியுதா?" என்று அவள் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். நெட்வொர்க் நின்றுவிட்டது. திரையில் அவர் வாயைத் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி உறைந்துபோனார்.

"வாப்பா, யாரு ஊட்டுனாலும் வாயப் பொளந்துருவியளோ?" என்றாள் அக்காள். தட்டிலிருந்த இனிப்பு ஒன்றை எடுத்துப் போன் திரையில் அவர் வாய்க்கு நேரே காட்டினாள்.

மணப்பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்தது, மூக்கிலும் வந்தது. துடைக்கக் கை இல்லை. மருதாணிக் கைகள் இரண்டும் அந்தரத்தில் நிற்க, "உம்மா, மூக்கு, மூக்கு" என்று கத்தினாள். அம்மா ஓடிவந்து சேலை முந்தானையால் சின்னப் பிள்ளைக்குச் சிந்திவிடுகிற மாதிரி அவள் மூக்கைப் பிடித்துத் துடைத்தார். நான் சின்னக் கேமராவை அழுத்தினேன். ஒரு தடவைதான்.

அன்று கிளம்பும்போது வழக்கப்படி இரண்டு கேமராவிலிருந்தும் கார்டுகளைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் படம் சரியாக விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

மறுநாள் நிக்காஹ், அதற்கடுத்து விருந்து என்று பெண்கள் பக்கம் எல்லாவற்றையும் அதே முறையில் எடுத்தேன். எல்லாம் ஓய்ந்து, பதினோராம் நாள் காலையில், கேமராவைத் துடைத்து, அதே பூத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடையநல்லூர் பஸ் ஏறினேன். கல்யாணப் பெண் தன் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கையில் மருதாணி ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருந்தது. துண்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

"வாப்பா உங்களுக்குக் கொடுத்த சீரு. நான் கொஞ்சம் பழசாக்கிட்டேன்."

அவள் கேமராவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்தாள். "யக்கா, வாப்பா உங்களுக்கும் சேத்துச் சொல்லியிருக்காவ. கேளுங்க." கதவைச் சாத்திக்கொள்ள இடமில்லை. அவள் முன்னாலேயே கேட்டேன்.

"பிள்ள, படம் பாத்தேன். நீ மூக்கச் சிந்திக்கிட்டு நிக்க. அக்கா ஊட்டுதா, உம்மா துடைக்கா. நானும் இருக்கேன்லா அதுல, போனுக்குள்ள, வாயப் பொளந்துக்கிட்டு! கல்யாண வீட்டுல நானும் இருந்தேன்னு ஆயிருச்சு பாத்தியா. யாருக்கும் காட்ட மாட்டேன், நா மட்டும் பாத்துக்கிடுதேன். தங்கச்சிகிட்ட சொல்லு, ரெண்டு மவளும் அதுல இருக்காவன்னு."

"பேட்டரி சீக்கிரம் போயிரும். இன்னொன்னு வாங்கி வச்சுக்கிடுங்க" என்றேன். அவள் அந்தப் படத்தைப் போனில் எனக்குக் காட்டினாள். லேசாக அசைந்திருந்தது. அந்தச் சின்னத் திரைக்குள் இன்னொரு சின்னத் திரையில், அக்காள் பிடித்த போனில், அவர் தெரிந்தார். அப்பால் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதும் தெரிந்தது. லென்ஸைத் திருகி முகத்தை மட்டும் இழுத்திருந்தால் இதில் பாதிப் பேர் விட்டுப்போயிருப்பார்கள்.

"யக்கா, உங்கள ஒண்ணு எடுக்கேன். இதுல எனக்கு மொதப் படம் நீங்கதான். மாட்டேன்னு சொல்லக் கூடாது."

மாட்டேன் என்றுதான் சொன்னேன். அவள் விடவில்லை. சுவரோரம் நின்றேன். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டேன். கேமராவைப் பார்த்து நிமிர்ந்து, மூச்சைப் பிடித்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"எடுத்தாச்சுக்கா."

"எப்ப?"

"நீங்க வெளிச்சம் வரும்னு காத்துக்கிட்டு நின்னியள்லா, அப்ப ரெண்டு. இப்ப 'எப்ப'ன்னு கேட்டியள்லா, அப்ப ஒண்ணு."

மூன்றாவதைத்தான் அவள் எனக்கு அனுப்பினாள். வீட்டுக்காரர் அதைப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். "நமக்கும் அந்த சோப்பு டப்பா ஒண்ணு வாங்குவமா?" என்று அடிக்கடி கேட்கிறார். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குப் பெரிய கேமராவிலேயே வெளிச்சம் அடித்தபின் குனியாமல் நிற்கிறேன்.

மேசை முன்னால் உட்காரும்போது, மாதிரிக்கு வைத்திருக்கும் ஆல்பம் ஒன்றை எடுத்து அந்தப் படத்தின்மேல் வைத்துவிடுவேன். நான் எழுந்து போனதும் அவர் அதை நகர்த்திவிடுகிறார்.